யார்டுக்கு வாங்கிய கூலிங் கிளாஸ்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகம் பூசும் ஒரு கம்பெனியில் நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. ஊர் ஆரணி. வேலூர்ப் பக்கத்து ஆரணி இல்லை, பொன்னேரிப் பக்கத்து ஆரணி. காலையில் பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி போய், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் கம்பெனி வாசலில் இறங்குவேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது.

பூச்சு முடிந்த தகடுகளை வெளியே யார்டில் அடுக்கி வைப்பார்கள். கட்டு கட்டாக, இடுப்பு உயரத்துக்கு. லாரி வரும்வரை அவை அங்கேதான் கிடக்கும். தகட்டைத் துடைப்பது, சீட்டு ஒட்டுவது, எண்ணிச் சொல்வது எங்கள் வேலை. எட்டுப் பெண்கள். எல்லோரும் கான்ட்ராக்ட். நான் ப்ளஸ் டூ படித்திருந்ததால் பேடு பிடித்து நம்பர் எழுதும் வேலை எனக்கு.

புதுத் தகடு எப்படி மின்னும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மாசி கடந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே மேலிருந்து பாதி வெயில், கீழே தகட்டிலிருந்து பாதி வெயில். தலைக்குத் துண்டு போடலாம், கைக்கு முழுக்கைச் சட்டை போடலாம். கண்ணுக்கு என்ன போடுவது? மதியச் சாப்பாட்டுக்கு ஷெட்டுக்குள் போனால் முதல் ஐந்து நிமிஷம் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. பச்சையும் ஊதாவுமாக ஏதோ மிதக்கும். சாயங்காலம் ரயிலில் ஏறும்போது நெற்றிப் பொட்டில் ஆணி அடிப்பது போல வலிக்கும்.

என்னோடு சீட்டு ஒட்டியவள் ஆரம்பாக்கத்து அக்கா. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. அவள் வீட்டில் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தகட்டு விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்தது. சூப்பர்வைசர் ரிஜிஸ்டரைத் தேடிக்கொண்டிருக்க, அவள் தன் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டு, "தகட்ட வெரலால புடிக்காதமே, கையால தாங்கு" என்று சொல்லிக் கொடுத்தாள். அதற்கப்புறம் தினமும் என் பக்கத்தில்தான் சாப்பிடுவாள். அவள் டப்பாவில் கோங்கூரா தொக்கு இருந்தால் கேட்காமலே பாதியை என் சோற்றில் வைப்பாள்.

அவளுடைய இடது கண்ணில், மூக்குப் பக்கத்து ஓரத்தில் சிவப்பாக ஒரு சதை இருந்தது. விசிறி மாதிரி விரிந்து கருவிழிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. தூசி விழுந்த காயம் என்று நினைத்துத் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யார் யாரோ சொன்னதையெல்லாம் விட்டுப் பார்த்தாள். கடைசியில் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு அம்மா. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வெயில்ல வேலையா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. தகடு யார்டு."

"வெயிலும் தூசியும் சேந்து வர்றது இது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். வெயில்ல போறப்ப நல்ல கூலிங் கிளாஸ் போடுங்க. விட்டுட்டீங்கன்னா கருவிழி மேல ஏறிடும்."

வெளியே வந்ததும் அக்கா சிரித்தாள். "கூலிங் கிளாஸ் போட்டுக்கினு தகடு தொடைக்கவா? நம்மள இன்னான்னு நெனப்பானுங்க?"

அவள் போடவில்லை. நான் போட்டேன். என் தலைவலியைப் பார்த்துச் சகிக்க முடியாமல் என் வீட்டுக்காரர் ஒருநாள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் தார்ப்பாயில் பரப்பி விற்பவனிடமிருந்து ஒன்று வாங்கி வந்தார். இருப்பதிலேயே கறுப்பானதைப் பார்த்து எடுத்ததாகச் சொன்னார். உள்பக்கம் தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. போட்டுக்கொண்டு யார்டில் நின்றால் உலகமே சாயங்காலம் ஆனது போலத் தெரியும். லாரி டிரைவர்கள் "இன்னாக்கா, ஷூட்டிங்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்கட்டும் என்று விட்டேன். ஆனால் தலைவலி மட்டும் போகவே இல்லை. சொல்லப்போனால் கூடியது.

இரண்டு மாதத்தில் காதுப் பக்கத்துத் திருகு கழன்றது. பொன்னேரி பஜாரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பழவேற்காட்டைச் சேர்ந்த பாய். என் வயதுதான் இருக்கும். சுள்ளென்று பேசுவார். திருகை முடுக்கிவிட்டு, கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இத எதுக்கும்மா போடறீங்க?"

"வெயிலுக்குத்தான் பாய்."

"வெயிலுக்கு இது உதவாது. வெறும் கலர் தண்ணியில முக்குன பிளாஸ்டிக்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் கடையில் வாங்கவில்லை என்பதால்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போல. கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருந்த ஊதா விளக்கைப் போட்டார். ஒரு நூறு ரூபாய் நோட்டை அடியில் வைத்தார். நோட்டில் நம்பரும் சின்னச் சின்ன நூல்களும் பளிச்சென்று ஒளிர்ந்தன. விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவில் என் கண்ணாடியைப் பிடித்தார். ஒளிர்வது கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு காபிக் கலர் கண்ணாடியை எடுத்துப் பிடித்தார். நோட்டு செத்துப் போனது. நம்பரும் இல்லை, நூலும் இல்லை.

"இந்த ஊதா வெளிச்சத்தோட ஜாதிதான் வெயில்ல கண்ணக் கெடுக்கறது. அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. உங்க கண்ணாடி தெரியற வெளிச்சத்த மறைக்குது, தெரியாதத உள்ள உடுது. அதுலயும் ஒரு பேஜாரு இருக்கு. இருட்டுன்னு நெனச்சுக் கண்ணு நல்லா தொறந்துக்கும். வெறுங்கண்ணா இருந்தாலாவது கூசும், சுருங்கும். இது வாசலத் தொறந்து வச்சுட்டு வெளிச்சமில்லன்னு சொல்ற மாதிரி."

எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டேன். கறுப்பைப் பார்க்காதீர்கள் என்றார். ரொம்ப இருட்டாக இருந்தால் ரோட்டில் விழுவீர்கள். காபிக் கலரோ சாம்பல் கலரோ போதும். கண்ணை மட்டும் மூடினால் பத்தாது, புருவத்திலிருந்து கன்னம் வரைக்கும், பக்கவாட்டிலும் மூட வேண்டும். கண்ணாடியைக் கையில் தூரமாகப் பிடித்து, கதவுச் சட்டம் மாதிரி நேரான கோடு ஒன்றை அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே மெல்ல அசைக்க வேண்டும். கோடு நெளிந்தால் வாங்கக் கூடாது. "ஸ்டிக்கர நம்பாதீங்க. ஸ்டிக்கர் தனியா மூட்டையில விக்குது."

அன்றைக்கு வாங்கவில்லை. விலை அப்படி. அடுத்த மாதம் போய் வாங்கினேன். மூன்றே வாரத்தில் தலைவலி விட்டது. ஷெட்டுக்குள் நுழைந்ததும் அக்காவின் முகம் எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது. யார்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் யாராலும் வாங்க முடியவில்லை. வாங்க முடிந்த ஒருத்தியும், வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று வாங்கவில்லை.

அடுத்த கோடைக்கு முன்னால் கம்பெனியில் ஒரு பரபரப்பு. வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வருவதாகவும், அதற்கு முன்னால் அவர்கள் ஆள் வந்து பாதுகாப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார் என்றும் சொன்னார்கள். கழிப்பறைக்குக் கதவு வந்தது. குடிதண்ணீர் டிரம்முக்கு மூடி வந்தது. ஒருநாள் பர்ச்சேஸ் சார் யார்டுக்கே வந்துவிட்டார். வழக்கமாக அவர் ஏசி அறையை விட்டு வெளியே வராதவர்.

"நீதானம்மா கூலிங் கிளாஸ் போட்டு வேலை செய்யறது? உங்க எட்டுப் பேருக்கும் கம்பெனி வாங்கித் தரப்போவுது. எது நல்லதுன்னு நீயே செலக்ட் பண்ணிச் சொல்லு. நாளைக்கு அவங்க கேட்டா, தொழிலாளியே தேர்ந்தெடுத்ததுன்னு காட்டணும்."

என் வாழ்க்கையில் ஒரு ஆபீசர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பொன்னேரி போகும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பாய் மூன்று மாதிரிகள் கொடுத்தார். மூன்றையும் விளக்கில் காட்டினார். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேரும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒருத்திக்கு மூக்குத்தி இடித்தது. ஒருத்தி ஷெட் முகக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவே மாட்டேன் என்றாள். அவ்வளவு சிரிப்பு. ஆரம்பாக்கத்து அக்கா பக்கவாட்டிலும் மூடிய காபிக் கலர் ஒன்றைப் போட்டுக்கொண்டு நேரே வெயிலுக்குப் போய்த் தகட்டு அடுக்குக்கு முன்னால் நின்றாள்.

"ஏமே! கண்ணு குளுகுளுன்னு கீதுமே!"

அதையே முடிவு செய்தோம். என்னுடையதும் அதே வகைதான். மாதிரியைப் பர்ச்சேஸ் சாரிடம் கொடுத்து, பாய் கடையின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

பெட்டி வந்தது ஆய்வுக்கு முந்தின நாள் மத்தியானம். அதே காபிக் கலர், அதே வடிவம், பக்கவாட்டில் அதே மறைப்பு. ஸ்டிக்கர் எங்கள் மாதிரியில் இருந்ததைவிடப் பெரியதாக இருந்தது. ஸ்டோர் வாசலில் நின்று ஒன்றைக் கையில் எடுத்தேன். எடை இல்லை. தூரமாகப் பிடித்து ஷெட்டுத் தூணைப் பார்த்தபடி அசைத்தேன். தூண் பாம்பு மாதிரி நெளிந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் நெளிந்தது.

பர்ச்சேஸ் சார் அறைக்குப் போனேன்.

"சார், நான் குடுத்த மாதிரி இது இல்ல சார்."

"அதேதான். கலரப் பாரு, ஷேப்பப் பாரு."

"பார்வைக்கு அதே மாதிரி இருக்கு சார். ஆனா கோடு நெளியுது. இது கண்ணக் கெடுத்துடும். பாய் கடையில வாங்கலியா சார்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நானும் கோபப்பட்டிருப்பேன்.

"கம்பெனி கண்ட கடையில வாங்க முடியாதும்மா. நம்ம சப்ளையர்தான் குடுத்தாரு. ஸ்டிக்கர் இருக்குல்ல? நாளைக்குக் காலையில அவங்க வர்றாங்க. இப்ப இத வேணாம்னு சொன்னா எட்டுப் பேருக்கும் ஒண்ணுமே இல்லாம நிக்கணும். ஆர்டர் போச்சுன்னா கான்ட்ராக்ட் ஆளுங்களத்தான் மொதல்ல நிறுத்துவாங்க. யோசிச்சுக்கோ." ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "அப்புறம், டெஸ்பாட்ச் ரூம்ல நம்பர் எழுத ஒரு ஆளு கேட்டுக்கினு இருக்காங்க. உன் பேரச் சொல்லியிருக்கேன். இதுல கையெழுத்துப் போடு."

தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி. தொழிலாளர் சார்பாக நான் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த கண்ணாடி என்று இருந்தது. படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். அதைத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

கையெழுத்துப் போட்டேன்.

எட்டுப் பேருக்கும் வேலை போய்விடும் என்று பயந்துதான் போட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நிமிஷத்தில் என் மனசில் இருந்தது டெஸ்பாட்ச் ரூமின் மின்விசிறி. அந்த அறையில் இரண்டு விசிறி, ஒரு ஜன்னல், உட்காருவதற்கு முதுகு வைத்த நாற்காலி.

மறுநாள் வெளிநாட்டுக்காரர் வந்தார். எட்டுப் பேரும் கண்ணாடி போட்டு வரிசையாக நின்றோம். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். பெட்டியில் வந்ததில் எனக்கென்று ஒன்று கொடுத்தார்கள். நான் போட்டிருந்தது அது இல்லை. பாய் கடையில் வாங்கிய என்னுடையதுதான். இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தவறி மாறிவிடக் கூடாது என்று என் கண்ணாடியின் காதுக்கம்பி உள்பக்கத்தில் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

கம்பெனி கொடுத்ததைப் பாயிடம் எடுத்துப் போனேன். விளக்கின் கீழ் பிடித்தார். நோட்டு மின்னிக்கொண்டே இருந்தது.

"இத எத்தன பேரு போடறாங்க?"

"ஏழு பேரு பாய்."

"போட வேணாம்னு சொல்லிடுங்க. இதப் போடறதுக்கு, அகலமான தொப்பி வச்சுக்கினு வெறுங்கண்ணோட இருக்கறது மேலு."

சரி என்று தலையாட்டினேன். அடுத்த வாரம் டெஸ்பாட்ச் ரூமுக்கு மாற்றினார்கள். போகும் நாளில் யார்டில், "எதுக்கும் தொப்பியும் போட்டுக்குங்க, கண்ணாடிய மட்டும் நம்பாதீங்க" என்று பொதுவாகச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

மற்றவர்கள் இரண்டு மாதத்தில் சலித்துப்போய் அவ்வப்போதுதான் போட்டார்கள். ஆரம்பாக்கத்து அக்கா மட்டும் ஒருநாள் தவறவில்லை. டாக்டர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. யார்டில் போட்டாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குத் துணி துவைக்கப் போகும்போதும் போடுவாளாம். யாராவது கேலி செய்தால், "எங்க தங்கச்சி செலக்ட் பண்ணது" என்பாள். டெஸ்பாட்ச் ரூம் ஜன்னலிலிருந்து யார்டு தெரியும். விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அவளைப் பார்ப்பேன். தகட்டு அடுக்குகளுக்கு நடுவில், முகத்தில் பாதியை மூடிய காபிக் கலர் கண்ணாடியோடு குனிந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பாள். சில நாள் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவாள். நானும் ஆட்டுவேன்.

இரண்டு கோடை அப்படிப் போனது.

மூன்றாவது கோடை தொடங்கும்போது அந்தச் சதை கருவிழியின் மேல் ஏறிவிட்டது. சீட்டைக் கோணலாக ஒட்டத் தொடங்கினாள். சூப்பர்வைசர் கத்தினான். பொன்னேரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். அந்த டாக்டர் இளம் வயதுக்காரர். "இவ்வளவு நாள் வெயில்ல கண்ண மூடாம சுத்துனீங்களா?" என்று கேட்டார்.

அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ரெண்டு வருசமா கயட்டவே இல்ல சார். இவளையே கேளுங்க."

டாக்டர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. சிலருக்கு அப்படித்தான் வளரும் என்று சொல்லி எழுதத் தொடங்கினார். அது அந்தக் கண்ணாடியால்தான் வளர்ந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வெறுங்கண்ணோடு இருந்தாலும் வளர்ந்திருக்கலாம். நல்ல கண்ணாடி போட்டிருந்தால் நின்றிருக்கும் என்றும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த 'இருக்கலாம்'களை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்தது. சதையை எடுத்துவிட்டார்கள். கருவிழியில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் எதைப் பார்த்தாலும் புகைக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தெரிகிறது என்றாள். ஒரு மாதம் லீவு சொல்லியிருந்தாள். கான்ட்ராக்ட் ஆளுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. மூன்றாவது வாரமே அவள் இடத்தில் வேறு பெண் நின்றாள்.

அந்த ஞாயிறு பாய் கடையில் நல்ல கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு ஆரம்பாக்கம் போனேன். ஹைவேயிலிருந்து உள்ளே நடந்தால் பத்து நிமிஷம். அக்கா வாசல் பக்கம் நிழலில் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாமே, வாமே" என்று முறத்தைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தாள். பெட்டியை நீட்டினேன்.

"இது இன்னாத்துக்கு? கம்பெனி குடுத்ததே நல்லாதானே கீது. எதுக்கு தண்டமா டப்பு செலவு பண்ற?"

"அது நல்லது இல்லக்கா."

"நீதானே செலக்ட் பண்ண?"

"நான் செலக்ட் பண்ணது வேற. அவங்க வாங்கியாந்தது வேற. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள வெறும் பிளாஸ்டிக். வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவள் உருவிய காம்பைக் கையிலேயே வைத்திருந்தாள். பாய் விளக்கில் காட்டியது, பர்ச்சேஸ் சார் சொன்னது, நான் கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். நான் முடித்ததும் காம்பைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நீ போட்டுக்கினு இருந்தது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், அழுவாள், கம்பெனியைச் சபிப்பாள் என்றெல்லாம் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன்.

"அது... பாய் கடையில வாங்கினதுக்கா."

"ரெண்டு வருசமும் அதானா?"

"ஆமா."

தலையை ஆட்டினாள். உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டு, "சித்திக்கு டீ வையி" என்றாள். டீ வந்தது. குடித்தேன். அவள் கீரையை உருவி முடித்தாள். தன் மகளுக்கு வரன் பார்ப்பது பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். நான் எழுந்தபோது, "பாத்துப் போ, ரோட்ல லாரி வேகமா வரும்" என்றாள். வழக்கமாக ரோடு வரைக்கும் கூட வருவாள். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் யார்டுக்குப் போய் மற்ற ஆறு பேரிடமும் சொன்னேன். தைரியத்தில் சொல்லவில்லை. ஒருத்தியிடம் சொல்லியாகிவிட்டது, இனி மறைத்து என்ன என்ற அலுப்பில் சொன்னேன். இரண்டு பேர் அங்கேயே கண்ணாடியை உடைத்துப் போட்டார்கள். ஒருத்தி, "இப்ப வந்து சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். ஒருத்தி மட்டும் மறுபடியும் அதையே மாட்டிக்கொண்டு, "இல்லன்னா கூசுதே, நான் இன்னா பண்றது" என்று வேலையைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலத்துக்குள் பர்ச்சேஸ் சாருக்கு விஷயம் போய்விட்டது. கூப்பிட்டு, அந்தத் தாளை ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டினார். "தேர்ந்தெடுத்தது நீ. இப்ப குறை சொல்றதும் நீ. வெளிய போய் இதப் பேசினா யாரக் கேப்பாங்க?" என்றார். கீழே என் பெயர் முத்து முத்தாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.

மறுவாரம் என்னை யார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே இன்னும் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். மதியம் எல்லோரும் ஷெட்டில் சேர்ந்து உட்கார்வார்கள். நான் போனால் யாரும் எழுந்து போகவில்லை. ஆனால் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். அதனால் லோடிங் மேடைப் பக்கம் போய்ச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். பர்ச்சேஸ் சாருக்குப் பிரமோஷன் கிடைத்துப் பக்கத்திலேயே இன்னொரு கம்பெனிக்கு மேனேஜராகப் போனார். போகும்போது யார்டில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு மைசூர்பாகு வந்தது.

ஆரம்பாக்கத்து அக்கா ஹைவே ஓரத்தில் ஒரு டிபன் கடையில் மாவாட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடியைத் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டாளாம். அவன் பைக்கில் ஆந்திர எல்லை தாண்டித் தடாவுக்கு வேலைக்குப் போகிறவன். அவள் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. நெல்லூர்ப் பக்கம் போகும்போது ஒருமுறை பஸ் அந்தக் கடைக்கு எதிரில் நின்றது. அவள் வாசலில் நின்று, நெற்றியில் கையை வைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ்ஸின் போர்டைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள். ஜன்னலில் நான் இருந்தேன். என்னைத் தெரிந்ததா, தெரியவில்லையா என்று தெரியாது. நான் கையாட்டவில்லை.

போன வருஷம் படிக்கும் கண்ணாடி போடுவதற்காகக் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டேன். டாக்டர் இரண்டு கண்ணையும் விளக்கு வைத்து நிதானமாகப் பார்த்தார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"தகடு யார்டிலயா? ஒன்பது வருஷமா?" ஆச்சரியப்பட்டார். "வெயில்ல வேலை செஞ்ச கண்ணு மாதிரியே இல்லைங்க. சின்னப் பொண்ணு கண்ணு மாதிரி சுத்தமா இருக்கு. ரொம்ப ஜாக்கிரதையா பாத்துக்கினு இருந்திருக்கீங்க."

அவர் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.